முதல் இழை போட்டால் முழம் வளரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

"நாளை" என்பது இரண்டெழுத்துச் சொல். "இன்று" என்பது மூன்றெழுத்துச் சொல். ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதாலோ என்னவோ, நம்மில் பலருக்கு இன்று சுமையாகவும் நாளை எளிதாகவும் தோன்றுகிறது! கவிதை எழுத வேண்டும் என்று எண்ணுபவன் நாளை எழுதலாம் என்கிறான். ஓவியம் தீட்ட விரும்புபவள் தேர்வு முடியட்டும் என்கிறாள். தேர்வும் முடிகிறது, விடுமுறையும் வருகிறது, விடுமுறையும் முடிகிறது. வெள்ளைத்தாள் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது.

வள்ளுவப் பெருந்தகை இந்த நோயை நன்கு அறிந்தவர். ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் நடுவே மடியின்மை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். காலத்தை நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கும் கெட்டொழிய விரும்புவோர் தாமே ஆசையோடு ஏறிக்கொள்ளும் மரக்கலம் என்பது அவர் கருத்து. நான்கிலும் காலம் நீட்டித்தலையே அவர் முதலில் வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சோம்பலா? அச்சமா?

காலம் தாழ்த்துபவர்கள் எல்லாரும் சோம்பேறிகளா? இந்தக் கேள்வியை நெடுநாள் எனக்குள்ளே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நம் வகுப்புத் தோழர்களையே பாருங்கள். விடியற்காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. மாலையில் கடையில் கணக்கெழுதிப் படிப்புச் செலவைச் சமாளிப்பவர்கள் உண்டு. செய்முறைப் பதிவேட்டை ஒரு நாள்கூடத் தவறாமல் முடித்துக் கையொப்பம் பெறுபவர்கள் உண்டு. இவர்களைச் சோம்பேறிகள் என்று யார் சொல்வார்? ஆனால் இவர்களுள்ளும், நெஞ்சுக்குள் ஒரு கதையையோ கருத்தையோ வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஒரு வரியும் எழுதாதிருப்பவர்கள் உண்டு.

காரணம் என்ன? பதிவேட்டை எழுதும்படி ஆசிரியர் சொல்கிறார். நாளும் குறித்துவிடுகிறார். விடையும் ஓரளவு தெரிந்ததே. கதை எழுதும்படி யாரும் சொல்வதில்லை. அதற்குக் கெடு நாளும் இல்லை, விடைத்தாளும் இல்லை. "இதைச் செய்ய நீ யார்?" என்ற கேள்வி மட்டும் உள்ளுக்குள் எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தெரியாதபோது கை பேனாவை எடுக்க மறுக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். உள்ளே இருப்பது அச்சம். தன்னைத் தானே ஐயுறும் அச்சம்! பாவும் ஊடையும்போல ஐயமும் தாமதமும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

இதை நூல்களில் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டில், என் தறிக்குழியின் ஓரத்தில் நான் கண்டதையே சொல்கிறேன்.

தறி வீட்டுப் பிள்ளை

என் ஊர் தாமல். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்தில் வருபவர்கள் எங்கள் ஏரியைக் கண்டிருக்கலாம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கடல்போலக் கிடக்கும். வராகீசுவரர் கோயில் எங்கள் ஊரின் பழமைக்குச் சான்று. தொண்டை மண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்று எங்கள் ஊரின் பெயரால் வழங்கியது என்று வரலாற்று நூல்கள் கூறும். வயல்களும் உண்டு, பட்டுத்தறிகளும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு தறி.

என் தந்தை ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவர். என் தாய் கையெழுத்துப் போடக் கற்றது என் மதிப்பெண் அட்டையில் போடுவதற்காகத்தான். வீட்டிலிருந்த புத்தகங்கள் இரண்டே: ஒன்று பஞ்சாங்கம், மற்றொன்று நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ் புத்தகம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வட்டாட்சியர் அலுவலகத்தில் "முதல் பட்டதாரி" என்று சான்றிதழ் தருகிறார்கள், வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால், "இவன் எழுதத் தகுந்தவன்" என்று சான்றிதழ் தரும் அலுவலகம் எதுவும் இல்லையே!

முதலாண்டு விடுமுறையில் ஒரு நாள் தந்தையார் நெய்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சிறுவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவன் தந்தையும் நெசவாளராக இருந்தவர்தான். தறியை விற்றுவிட்டு இப்போது ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய் வருகிறார். "விழுது அறுந்துபோச்சு, கொஞ்சம் நூல் எடு" என்றார் என் தந்தை. உடனே அந்தச் சிறுவன், "விழுதுன்னா ஆலமரத்துல தொங்குமே, அதுவா பெரியப்பா?" என்று கேட்டான். தந்தையார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவு இழைகளைப் பிரித்துத் தூக்குகின்ற நூற்கண்ணிகளுக்கு விழுது என்று பெயர் என்பது அவன் பாட்டனுக்குத் தெரியும், தந்தைக்குத் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை. ஒரு தலைமுறையில் ஒரு சொல் தறியை விட்டுப் போய் ஆலமரத்தில் ஏறிக்கொண்டது!

அன்றே எனக்கு அந்த எண்ணம் தோன்றியது. தறிக்குழியைச் சுற்றி வழங்கும் சொற்களை எல்லாம் கேட்டு எழுதி ஒரு சிறு தொகுதியாக்க வேண்டும். அவற்றுக்குள் இருக்கும் கணக்கையும் விளக்க வேண்டும். எழுபது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கினேன். மேலட்டையில் "தறிச் சொற்கள்" என்று எழுதினேன்.

பிறகு ஐயங்கள் வரிசையில் வந்து நின்றன. நான் தமிழ் இலக்கிய மாணவன் அல்லேன், கணிதம் படிப்பவன். சொற்றொகுதி செய்வது அறிஞர்கள் வேலை அல்லவா? நெசவாளர்க்கெல்லாம் தெரிந்த செய்தியை எழுதுவதில் என்ன புதுமை? பட்டினத்து மாணவர்கள் கணினி பற்றியும் விண்கலம் பற்றியும் எழுதும்போது, தறிக்குழியைப் பற்றி எழுதினால் நகைக்கமாட்டார்களா? இப்படி ஒவ்வோர் ஐயமும் அறிவுடைய பெரியவர்போல் வந்து பேசியது. "இன்னும் கொஞ்சம் படி, பிறகு எழுதலாம்" என்றது ஒன்று. "முதலில் பட்டம் வாங்கு" என்றது மற்றொன்று. அச்சம் ஒருபோதும் "எழுதாதே" என்று சொல்வதில்லை; "பிறகு எழுது" என்றுதான் சொல்லும். அதன் தந்திரமே அதுதான்.

கும்பகோணத்தில் ஓர் ஆசிரியர்

இந்த நிலையில் எனக்குத் துணைக்கு வந்தவர் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர். அவரை நாம் தலைப்பாகையணிந்த முதியவராகப் படத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். பிறக்கும்போதே தாத்தாவாகப் பிறந்தவர் என்று எண்ணிக்கொள்கிறோம். அவருக்கும் இருபத்தைந்து வயது இருந்தது; அப்போது அவருக்கும் ஐயம் இருந்தது.

1855-ஆம் ஆண்டு பிறந்தவர், உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதம் சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப்பைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று இளம் ஆசிரியர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். பெரும்புலவரிடம் ஆண்டுக்கணக்கில் பயின்ற அந்த மாணவர் அந்நூல்களைக் கண்ணாலும் கண்டதில்லை!

நண்பர்களே, அந்த நொடியில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று மனமொடிந்து திரும்பியிருப்போம். அல்லது "இவர் யார் என்னைக் கேட்க" என்று சினந்திருப்போம். அவரோ, பிரதி கிடைத்தால் படிப்பேன் என்றார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். வேலை தொடங்கிவிட்டது.

அது எப்படிப்பட்ட வேலை! பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. செய்யுள் எது, உரை எது என்று பிரித்துக் காண்பதே பெரும்பாடு. சிந்தாமணியோ சமணக் காப்பியம். சைவ நூல்களில் ஊறி வளர்ந்தவருக்கு அச்சமயத்தின் சொற்களும் மரபுகளும் புதியவை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குச் சென்று கேட்டார். கல்லூரி ஆசிரியர் நான், இவர்களிடமா போய்க் கேட்பது என்று எண்ணவில்லை. அறிந்தவர் யாரோ அவர் ஆசிரியர்; கேட்பவர் மாணவர். அவ்வளவுதான். ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் திரட்டினார். ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அச்சிடும் செலவுக்குக் கையொப்பம் சேர்த்தார். இதற்கிடையே கல்லூரியில் நாள்தோறும் பாடமும் நடத்தினார்.

1887-இல் சீவகசிந்தாமணி அச்சில் வெளிவந்தது. ஏழாண்டு உழைப்பு! அத்தோடு நின்றாரா? 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. முதலியார் கேட்ட மூன்று நூல்களும் தமிழுலகின் கைக்கு வந்துவிட்டன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிந்தாமணியின் முதற்பதிப்பே முடிந்த முடிபு என்று அவர் கருதவில்லை. மேலும் ஏடுகளைப் பார்த்து, திருத்தி, 1907-இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். எல்லா ஐயமும் தீர்ந்த பிறகே அச்சிடுவது என்று அவர் 1887-இல் காத்திருந்தால், இருபது ஆண்டுகள் நமக்குச் சிந்தாமணி இல்லை. ஐயம் இருந்தது, அதைத் தோளில் சுமந்துகொண்டே நடந்தார். ஐயம் தீர்ந்து நடந்தவர் அல்லர், நடந்து ஐயம் தீர்ந்தவர்.

அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்த மற்றொருவரை, கணிதம் படிக்கும் நான் சொல்லாமல் விடலாமா? கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் சீனிவாச இராமானுசன் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டம் இல்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. கணக்கைப் பலகையில் போட்டுப் பார்த்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்குமுன் வேறு ஆங்கிலேய அறிஞர்களுக்கு எழுதியதில் பயன் கிட்டவில்லை. "உலகம் ஒப்புக்கொண்ட பிறகு எழுதுவேன்" என்று அவர் குறிப்பேட்டை மூடி வைத்திருந்தால், ஆர்டிக்கு அனுப்ப என்ன இருந்திருக்கும்?

தறி சொல்லும் பாடம்

பெரியவர்களின் வாழ்க்கை ஒருபுறம் இருக்கட்டும். காஞ்சிப் பட்டு என்று உலகம் போற்றும் சேலை எப்படி உருவாகிறது என்று பார்த்தால், படைப்பு வேலையின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலையின் சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர், பக்கத்திலிருந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுப்பவர் ஒருவர். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் பிசகினாலும் கரை தனியே பிரிந்து நிற்கும். முந்தானை வேறு நிறமானால், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையை இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! இதைப் பெட்னி என்பார்கள்.

என் தந்தை தறியில் உட்காரும்போது, "இன்று மனம் சரியில்லை, நாளை நெய்யலாம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. முழுச் சேலையையும் நினைத்து மலைத்ததும் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது ஓர் இழைதான். மிதியை மிதிக்கிறார், நாடா ஓடுகிறது, அச்சு வந்து அடிக்கிறது, அடுத்த இழை. நெய்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போவதால், முழுச் சேலையை அவரே பார்ப்பது தறியிலிருந்து அறுத்தெடுக்கும் நாளில்தான். பத்துப் பதினைந்து நாள் உழைப்பில் ஒவ்வொரு நாளும் அவர் காண்பது ஒரு முழமோ ஒன்றரை முழமோதான். எப்படி முடியுமோ என்று ஒருமுறை அவரிடம் வியந்தேன். "முழுசா நினைச்சா கை ஓடாதுப்பா. இந்த இழை சரியா விழுந்துச்சான்னு மட்டும் பாரு. சேலை தானா வரும்" என்றார். ஐந்தாம் வகுப்புப் படித்த என் தந்தை சொன்ன இந்தப் பாடத்தை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை.

குறிப்பேட்டின் கதை

நம் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் தயங்கித் தயங்கி என் எண்ணத்தைச் சொன்னேன். கணித மாணவன் இதில் இறங்கலாமா என்றும் கேட்டேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "தொகுதி எல்லாம் அப்புறம். வருகிற திங்கட்கிழமை ஐந்து சொல் எழுதிக்கொண்டு வா. ஐந்து போதும்" என்றார். தொகுதி என்றால் மலை. ஐந்து சொல் என்றால் ஐந்து கல். மலையைக் கண்டு அஞ்சலாம், ஐந்து கல்லைக் கண்டு யாராவது அஞ்சுவார்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் தறியருகே உட்கார்ந்தேன். பாவு, ஊடை, நாடா, தார், விழுது. இந்த ஐந்தே முதல் பக்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். எழுத்து நேராகக்கூட இல்லை. ஆனாலும் வெள்ளைத்தாள் வெள்ளையாக இல்லை! அந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது.

அடுத்த வாரம் மேலும் ஐந்து. அதற்கடுத்த வாரம் தெருவுக்குள் இறங்கினேன். எங்கள் தெருவில் அடை கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். தாத்தா என்றுதான் அழைப்போம். இப்போது கரையில் வரும் உருவங்களை ஜக்கார்டு பெட்டி பார்த்துக்கொள்கிறது. முன்னாளில் அதற்கு நூல்களை முடிச்சிட்டுக் கட்டிய அடை என்னும் அமைப்பு இருந்தது. பக்கத்திலிருந்து ஒருவர் அதன் கயிறுகளை வரிசை தவறாமல் இழுக்க, உருவம் எழும். எத்தனையாவது இழை மேலே, எத்தனையாவது இழை கீழே என்ற கணக்கு முழுவதும் அடை கட்டுபவரின் தலைக்குள் இருக்கும்.

நான் குறிப்பேட்டோடு போய் நின்றதும் தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாடா இது, இதெல்லாம் காலேஜி பொஸ்தகத்துல போடுவாங்களா?"

"போடுவாங்க தாத்தா" என்றேன். எனக்கே அது உறுதியாகத் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது வேறு விடை சொல்லத் தோன்றவில்லை.

"எம் புள்ளைங்களே கேக்கல. நீயாச்சும் கேக்க வந்தியே, உக்காரு" என்றார்.

அன்று மட்டும் இரண்டரை மணி நேரம் பேசினார். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். மயில்கண், குயில்கண், வைரஊசி, உருத்திராட்சம், மல்லிமொக்கு என்று கரைகளும் புட்டாக்களும் அவர் வாயிலிருந்து கொட்டின. ஒவ்வொன்றுக்கும் எத்தனை இழை என்ற கணக்கை விரல் விட்டுச் சொன்னார். தாளும் பென்சிலும் கேட்டு வாங்கிக் குயில்கண்ணை ஒவ்வொரு புள்ளியாக வைத்துக் காட்டினார். கை நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை. வகுப்பில் நாம் கட்டத்தாளில் வரையும் கோலத்தை, பள்ளிக்கே போகாத அந்த மனிதர் மனத்தாளில் வரைந்து வைத்திருக்கிறார்.

மூன்றாவது முறை சென்றபோது, முன்பு சொன்ன ஒரு முடிச்சின் பெயர் அவருக்கு நினைவு வரவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் குறிப்பேட்டைப் புரட்டி அந்தப் பெயரைப் படித்தேன். "ஆங்... அதான், அதேதான்!" என்று அவர் கண்கள் மின்னின. அவரிடமிருந்து நான் பெற்ற சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். "இதைச் செய்ய நீ யார்?" என்று உள்ளுக்குள் ஓயாது கேட்டுக்கொண்டிருந்த குரல் அன்றோடு அடங்கியது. நான் அறிஞன் அல்லேன். ஆனால் அந்தச் சொல் இருக்கும் தெருவில் வாழ்பவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், கேட்க மனமுள்ளவன். அந்த வேலைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

வேலையில் இறங்கிய பிறகு, அமர்ந்து யோசிக்கும்போது தெரியாத புதுமைகள் எல்லாம் தெரிந்தன. பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்புப் போன்ற கருவியை என் தந்தை அச்சு என்கிறார். தாத்தா பண்ணை என்கிறார். எது சரி என்று நெடுநேரம் குழம்பினேன். பிறகு ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடும் என்று உ. வே. சா. பதிப்புகளைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவிலும் பாட வேறுபாடு உண்டு! இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் குறித்து வைத்தேன். ஐயத்தை அழிக்க முடியாவிட்டால் அதையும் பதிந்து வைக்கலாம் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

கணக்குப் பகுதியும் வளர்ந்தது. 1804-இல் பிரான்சு நாட்டு ஜோசப் மாரி ஜக்கார்டு அமைத்த தறியில், அட்டையில் துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. துளை உண்டு, துளை இல்லை. கணினியின் ஒன்றும் சுழியமும் இதே முறைதானே! பட்டினத்து நண்பர்கள் எழுதும் கணினிக்கும் எங்கள் தறிக்குழிக்கும் உறவு உண்டு என்று அறிந்தபோது, நகைப்பார்களோ என்ற அச்சமும் ஓடி மறைந்தது.

கணித மன்றக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். இன்று என் குறிப்பேட்டில் 163 சொற்கள் இருக்கின்றன. 500 இருந்தாலும் வியப்பில்லை என்கிறார் தாத்தா.

முற்றுப்பெறாதவை

எல்லாம் நிறைவாக வந்த பிறகே வெளியிட வேண்டும் என்று கருதுபவர்களுக்கு இரு செய்திகள் சொல்வேன்.

ஜக்கார்டின் துளையட்டையைத் தம் எந்திரத்துக்குக் கடன் வாங்கியவர் இங்கிலாந்து நாட்டுச் சார்லசு பாபேஜ். அவர் முதலில் வேறுபாட்டு எந்திரம் ஒன்றைத் தொடங்கினார். அது முடியுமுன்பே, அதைவிடச் சிறந்த பகுப்பு எந்திரம் அவர் சிந்தையில் எழுந்தது. பிறகு வேறுபாட்டு எந்திரத்துக்கே மேலும் சிறந்த வரைபடம் போட்டார். பொருட்செலவும், எந்திரம் செய்து தந்தவரோடு மனவேறுபாடும் சேர்ந்துகொண்டன. 1842-இல் அரசு கைவிட்டது. அவர் வாழ்நாளில் எந்த எந்திரமும் முழுமையாக முடியவில்லை. அவருடைய இரண்டாம் வேறுபாட்டு எந்திரத்தின் கணக்கிடும் பகுதியை, வரைபடத்தைப் பார்த்து இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல்தான் செய்து முடித்தது. மேதையின் கையிலும் "இதைவிடச் சிறந்தது" என்னும் எண்ணம் முன்னதை முடிக்கவிடாமல் செய்யும் என்பதற்கு இது சான்று. ஆனால் அவர் தாளில் வரைந்து வைத்துப் போனதால் அல்லவோ பின்வந்தோர் செய்ய முடிந்தது!

மற்றொரு செய்தி, மீண்டும் நம் தாத்தாவைப் பற்றியது. 1940-இல், தம் எண்பத்தைந்தாம் வயதில், உ. வே. சா. தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். "இந்த வயதில் தொடங்கினால் முடிப்பேனா?" என்று அவர் எண்ணியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்? அவர் தொடங்கினார். 1942 ஏப்ரலில் மறைந்தபோது அந்நூல் முற்றுப்பெறவில்லை. ஆனால் "என் சரித்திரம்" இன்றும் நம் நூலகத்தில் இருக்கிறது. முடியாத நூல்தான், எத்தனை முடிந்த நூல்கள் அதற்கு ஈடாகும்?

நண்பர்களுக்கு

அன்புத் தோழர் தோழியரே! நம் கல்லூரிக்கு வருபவர்களில் பலர் என்னைப் போன்றவர்கள். நம் வீடுகளில் நமக்கு முன் எழுதியவர்கள் இல்லை. ஆகவே எழுத்தும் ஆய்வும் கலையும் வேறு யாருக்கோ உரியவை என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த பேரறிஞர் அண்ணா, பேச்சாலும் எழுத்தாலும் தமிழ்நாட்டையே தம்பால் ஈர்த்தது நம் பக்கத்துக் கதை அல்லவா? நம் வீட்டில் எழுதியவர் இல்லை என்பது உண்மை. எழுத வேண்டியவை அங்கே இல்லை என்பது உண்மையன்று. உழவர் வீட்டில் நெல்லின் பெயர்கள் இருக்கின்றன. மீனவர் வீட்டில் காற்றின் பெயர்கள் இருக்கின்றன. குயவர் வீட்டில் மண்ணின் பெயர்கள் இருக்கின்றன. அவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

நான் கண்ட வழி மிகச் சிறியது. வேலையை ஐந்து சொல்லாகக் குறைத்துக்கொள்ளுங்கள். காட்டுவதற்கு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் ஆசிரியராகவும் இருக்கலாம், தோழனாகவும் இருக்கலாம். கிழமை ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழமையில் நன்றாக வந்ததோ இல்லையோ, வந்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். திருத்தம் பின்னால் வரும். திருத்துவதற்கு முதலில் ஏதாவது ஒன்று தாளில் இருக்க வேண்டும்.

வருகிற கோடை விடுமுறையில் அடை கட்டும் முறையை முழுவதும் வரைந்து எழுத எண்ணியிருக்கிறேன். தாத்தாவிடம் சொல்லிவிட்டேன். "சீக்கிரம் வாடா" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் எனக்கு வேறு கெடு நாள் வேண்டியதில்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும் முதல் படியை அவர் கையில் கொடுப்பேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சிறுவனைத்தான் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.